வெறுங்காணிக்கு முதலில் வருவது யார்?

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் ஊரைவிட்டு வெளியேறினார்கள். பலாலி, மயிலிட்டி, வசாவிளான், குரும்பசிட்டி, கட்டுவன், தையிட்டி என்று கிராமம் கிராமமாக வெறுமையாகியது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்த செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அதன் பரப்பு 6,000 ஏக்கருக்கும் மேல். 2009இல் போர் முடிந்த பிறகு காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. 2015 மார்ச்சில் வளலாய்ப் பக்கம், 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம், 2018 ஏப்ரலில் இன்னும் சில நூறு ஏக்கர். விடுபடாமல் மிஞ்சிய காணியும் உண்டு.

கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தவர்களுக்குத் தங்கள் ஊரே பிடிபடவில்லை. தோட்டம் இருந்த இடத்தில் ஆள் நுழைய முடியாத பற்றை. வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. கிணற்றுக் கட்டையும் பழைய மரத்தையும் தேடிப் பிடித்துத்தான் பலர் தங்கள் வளவின் எல்லையைக் கண்டுகொண்டார்கள்.

பிள்ளைகளே, அந்தப் பற்றைக்கு ஒருவரும் விதை போடவில்லை. பட்டை கட்டித் தண்ணீர் இறைக்கவும் இல்லை. பிறகு எப்படி அவ்வளவு செடியும் கொடியும் மரமும் வந்தன? எது முதலில் வந்தது, எது பிந்தி வந்தது? அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் வந்தவை என்று சொல்வதே சரியில்லை. அவை அங்கேயே இருந்தன, மண்ணுக்குள் விதையாக. எந்தத் தோட்ட மண்ணையும் ஒரு பிடி அள்ளினால் அதற்குள் கண்ணுக்குப் புலப்படாத சிறு விதைகள் கிடக்கும். சாறணை, குப்பைமேனி, நாயுருவி, கீழ்க்காய்நெல்லி, முளைக்கீரை இவையெல்லாம் ஒவ்வொரு மாரியிலும் காய்த்துக் கொட்டியவை. தோட்டக்காரர் எத்தனை முறை களை பிடுங்கினாலும் அடுத்த மழைக்குப் புதிதாக முளைப்பது இதனால்தான்.

விதை எவ்வளவு காலம் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும்? 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். 20 போத்தல்களில் ஈர மணலோடு களை விதைகளைக் கலந்து, தண்ணீர் புகாதபடி வாய் கீழே இருக்கக் கவிழ்த்துப் புதைத்தார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு போத்தலைத் தோண்டியெடுத்து விதைகளை முளைக்கவைப்பதுதான் திட்டம். பீல் காலமான பின்பும் அடுத்தடுத்த ஆய்வாளர்கள் அதை விடாமல் தொடர்கிறார்கள். போத்தல் புதைத்த இடம் அவர்களில் ஒரு சிலருக்கு மட்டுமே தெரியும். 2021இல் ஓர் இரவு ஒரு போத்தலைத் தோண்டினார்கள். 140 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த விதைகளில் சில அப்போதும் முளைத்தன! மிச்சப் போத்தல்களுக்கான சோதனை 2100ஆம் ஆண்டு வரை நீளும்.

போத்தல்களை இரவில் தோண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. பல சிறு விதைகள் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பகல் வெளிச்சத்தில் தோண்டினால், சோதனை தொடங்கும் முன்பே விதை விழித்துவிடும். நம்முடைய காணியில் நடப்பதும் இதுதான். மண்வெட்டியோ உழவு இயந்திரமோ மண்ணைப் புரட்டும்போது அடியில் கிடந்த விதை மேலே வந்து வெளிச்சத்தைக் காண்கிறது. இலைகள் சூரிய ஒளியிலுள்ள சிவப்பு நிறத்தை உறிஞ்சிவிடுவதால், மர நிழலில் விழும் ஒளியில் சிவப்பு குறைவு. மரத்தை வெட்டியதும் சிவப்பு ஒளி நேரே தரைக்கு வருகிறது. விதைக்குள் இருக்கும் ஒரு நிறப்பொருள் அந்த மாற்றத்தை உணர்கிறது. மேலே மறைப்பு இல்லை, இனி முளைக்கலாம் என்பதற்கு விதைக்குக் கிடைக்கும் தகவல் அதுதான். ஆகவே காணி துப்புரவாக்குவது களைக்குக் கதவு திறந்துவிடுவது போலத்தான்.

வெளிச்சம் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட கோடை. ஆகவே இங்கே முளைக்கும் செடிக்கு அவசரம் உண்டு. சாறணையைப் பாருங்கள். முதல் மழைக்கு முளைத்து, சில கிழமைகளுக்குள் தரையில் படர்ந்து, பூத்து, விதை சிந்தி, கோடை வருமுன் தன் வேலையை முடித்துவிடும். கோரையும் அறுகும் வேறு வழியைப் பிடித்திருக்கின்றன. மேலே காய்ந்து செத்ததுபோலக் கிடந்தாலும், கோரையின் கிழங்கும் அறுகின் தண்டும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். இவற்றை வெட்டி எறியலாம், எரிக்கலாம், மழை விழுந்ததும் மறுபடி வரும்.

வெளியிலிருந்து வருகிறவையும் உண்டு. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை சோளகக் காற்று வீசும்போது எருக்கலைக் காய் வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே விதைகள் மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளைப் பட்டு மயிர்க் கொத்து. காற்றுப் பட்டதும் கொத்து விரிந்து, விதை மதில் தாண்டிப் போய்விடும். நாயுருவி உங்கள் காற்சட்டையில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். நெருஞ்சி செருப்பின் அடியில் குத்திக்கொண்டு வரும்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்தச் சிறு செடிகள்தான் ஆட்சி. இவற்றின் வேலையைக் குறைவாக நினைக்கக் கூடாது. வெறும் செம்மண்ணை மழை அடித்துக்கொண்டு போகாமல் பிடித்துவைப்பவை இவை. செத்து மக்கி மண்ணுக்கு உரமாவதும் இவைதான்.

இவற்றோடு வரும் ஒரு செடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது காவிளாய். வெட்டவெளியில், தெருவோரத்தில், ஊதா நிறச் சிறு பூக்களோடு நிற்கும். நம் தோட்டக்காரர் காவிளாயைப் பிடுங்கி வந்து தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்ப்பது வழக்கம். ஏன் காவிளாய்? மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது ஒரு காவிளாய்ச் செடியை வேர் அறாமல் மெதுவாகக் கிளப்பிப் பாருங்கள். வேரை வாளித் தண்ணீரில் அலசுங்கள். கடுகு அளவிலும் அதற்குச் சற்றுப் பெரிதாகவும் சிறு முடிச்சுகள் வேரில் தொற்றிக்கொண்டிருக்கும். ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு, முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். உள்ளே ரைசோபியம் என்ற பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. காற்றிலுள்ள நைதரசனைச் செடி நேரடியாக எடுக்க முடியாது. இந்தப் பற்றீரியாக்கள் அதைப் பிடித்துச் செடிக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். கூலியாகச் செடி அவற்றுக்குச் சீனி கொடுக்கும். காவிளாய் செத்து மக்கும்போது அந்த நைதரசன் மண்ணில் சேர்கிறது. பின்னால் வரும் மரங்கள் அதைச் சாப்பிட்டு வளரும். விஞ்ஞானிகள் இந்தப் பற்றீரியாவைக் கண்டுபிடித்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். காவிளாய் தாழ்த்த தோட்டம் செழிக்கும் என்பதை நம் தோட்டக்காரர் கைப்பழக்கத்தில் அறிந்துவைத்திருந்தார்கள்.

அடுத்து வருவது முள். இலந்தை, காரை, ஈஞ்சு, இவற்றின்மேல் படரும் கொவ்வை, பிரண்டை, மொசுமொசுக்கை. ஆளுக்கு எரிச்சல் தரும் பற்றை இது. ஆனால் இங்கேதான் மிக முக்கியமான காரியம் நடக்கிறது. வெட்டவெளியில் ஒரு வேப்பங்கன்று முளைத்தால் ஆடு அதை விட்டுவைக்குமா? மாசி பங்குனி வெயிலைத்தான் அது தாங்குமா? இலந்தைப் பற்றைக்குள் முளைத்த கன்றுக்கு நிழல் உண்டு, ஈரம் உண்டு, ஆட்டின் வாய் எட்டாது. சில ஆண்டுகளில் வேம்பு பற்றைக்கு மேலே தலை நீட்டும். பிறகு வேம்பின் நிழலில் இலந்தை மெலிந்துபோகும். நிழல் தந்த செடியே நிழலால் ஒடுங்குவது நமக்குக் கவலையாக இருக்கிறது. ஆனாலும் வெறுங்காணி மரக்கூடலாக மாறுவது இந்த வழியாகத்தான்.

வேப்பம் விதை பற்றைக்குள் எப்படிப் போனது? அது களை விதைபோல நூறாண்டு காத்திருக்காது. விழுந்து சில கிழமைகளில், மிஞ்சினால் சில மாதங்களில், முளைக்கும் சக்தியை இழந்துவிடும். ஒவ்வொரு ஆண்டும் யாராவது புதிதாகக் கொண்டுவர வேண்டும். கொண்டுவருவது காகமும் குயிலும் வௌவாலும். அவை வேப்பம்பழத்தின் சதையைத் தின்று விதையைப் போட்டுவிடும். பறவை வெறுந்தரையில் வந்து இருந்து எச்சமிடுவது குறைவு. உட்காரக் கிளை வேண்டும். ஆகவே வெறுங்காணியில் ஒரே ஒரு பட்டமரமோ வேலிக்கதியாலோ நின்றாலும் அதன் அடியில்தான் முதல் மரக்கன்றுகள் கூட்டமாக முளைக்கும். வலிகாமம் வடக்கில் கூரை போன வீடுகளின் சுவர்களும் பறவைகளுக்கு இருக்கையாகின. ஆலம்பழமும் அரசம்பழமும் தின்ற பறவைகள் சுவர் வெடிப்பில் எச்சமிட்டன. கடுகினும் சிறிய அந்த விதைகள் அங்கேயே முளைத்தன. குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அரசமரம் நிற்கும் காட்சியை எங்கள் ஊர்களில் நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

இனிப் பனை. பறவைகளால் பனங்கொட்டையைத் தூக்க முடியாது. பழம் விழுந்த இடத்திலேயே பெரும்பாலும் கிடக்கும். மாடும் நரியும் பழம் சப்பிக் கொஞ்சத் தூரம் கொண்டுபோய்ப் போட்டால் உண்டு. ஆகவே பனை மெதுவாகத்தான் பரவும். ஆனால் பரவிய இடத்தை விடாது. பனங்கொட்டை முளைக்கும் விதத்தைக் கவனியுங்கள். மற்ற விதைகள் முளையை மேலே அனுப்பும். பனங்கொட்டையிலிருந்து வரும் முளை நேரே கீழே போகும். ஓரடி ஆழத்துக்கும் கீழே போய், அங்கே கிழங்கு வைத்து, அதற்குப் பிறகுதான் முதல் குருத்தோலையை மேலே அனுப்பும். பனம்பாத்தி கிண்டிக் கிழங்கு எடுக்கும்போது நீங்கள் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். கொட்டையைப் பிளந்து பூரான் தின்றவர்களுக்கு இன்னொன்று தெரியும். முளை கீழே போகப் போக, கொட்டைக்குள் இருந்த சாப்பாட்டைப் பூரான்தான் உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது.

இதில் என்ன நன்மை? வளரும் குருத்தின் நுனி மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கிறது. மேலே நெருப்பு வைத்தாலும், ஆடு ஓலையைக் கடித்தாலும், கத்தியால் வெட்டினாலும் நுனி தப்பிவிடும். கோடையில் மேல் மண் காய்ந்து புழுதியானாலும் அடி மண்ணில் ஈரம் இருக்கும். போர்க்காலத்தில் காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் எத்தனையோ பனைகள் தறிக்கப்பட்டன. ஆனால் தாய்ப்பனை போன இடத்திலும் வடலிகள் எழும்பின. ஒரு வடலி பூத்துக் காய்க்க 12 முதல் 20 ஆண்டுகள் வரை எடுக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இன்று நீங்கள் காலால் மிதிக்கும் வடலி உங்கள் வயதுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

இதுவரை சொன்னது மண் உள்ள இடத்தின் கதை. மண்ணே இல்லாத இடம் என்றால்? காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990 வரை இயங்கியது. அதற்காகச் சுண்ணக்கல் தோண்டிய பள்ளங்களில் மேல் மண் இல்லை, விதை இல்லை, கிழங்கு இல்லை, வெறும் கல். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் வருவது நீலப்பச்சை அல்கா. உங்கள் வீட்டு மதிலில் கோடையில் கருப்பாகப் படிந்திருந்து, மாரியில் பச்சை தட்டுகிறதே, அதில் பெரும்பகுதி இந்த அல்காதான். பிறகு லைக்கனும் பாசியும் வரும். அவை கல்லை மெல்ல அரிக்கும், காற்றில் வரும் தூசியைப் பிடித்துவைக்கும். கல் வெடிப்பில் ஒரு சிட்டிகை மண் சேர்ந்தால் அதில் ஒரு புல். விரற்கடை மண் உண்டாகவே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதனால்தான் செம்மண்ணை லொறியில் ஏற்றி விற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. மரத்தை வெட்டினால் இருபது ஆண்டில் இன்னொரு மரம் வரும். மண்ணை அள்ளினால் உங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் வராது.

வெறுமையிலிருந்து தொடங்கிய இன்னோர் இடத்தையும் பார்ப்போம். இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை 1883 ஆகஸ்டில் வெடித்தபோது தீவில் எஞ்சிய பகுதியைச் சாம்பல் மூடியது. அடுத்த ஆண்டு மே மாதம் அங்கே போன பிரெஞ்சுக் குழுவுக்குக் கண்ணில் பட்ட ஒரே உயிர் ஒரு சிறு சிலந்தி. 1886இல் மெல்கியோர் திரெயுப் என்ற தாவரவியலாளர் போனபோது சாம்பலின் மேல் நீலப்பச்சை அல்காப் படலமும், அதில் வேரூன்றிய பன்னங்களும், கரையில் கடல் கொண்டுவந்து ஒதுக்கிய செடிகளும் இருந்தன. ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்தத் தீவைக் காடு மூடியது. அங்கே ஆண்டு முழுதும் மழை, வெடிப்பு கொட்டிய சாம்பலும் எளிதில் வேர் இறங்கும் அளவுக்கு இளகியது. நம் சுண்ணக்கல்லில் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

மணற்காட்டுப் பக்கம் போனால் கதை வேறு மாதிரி. அங்கே அடம்பன் கொடியும் இராவணன் மீசையும்தான் முதலாட்கள். இராவணன் மீசையின் முள்ளுப் பந்து காய்ந்ததும் கழன்று, காற்றில் மணல்மேல் உருண்டோடி விதையைச் சிந்திக்கொண்டே போகும். கூடவே ஓடிப் பிடித்துப் பாருங்கள், இலேசில் அகப்படாது. இந்தக் கொடிகளும் புற்களும் மணலைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் மற்றச் செடிகளுக்கு அங்கே இடம் கிடைக்கிறது.

இனி ஒரு கேள்வி எழும். அப்படியே விட்டுவிட்டால் வலிகாமம் வன்னிக் காடு போலாகிவிடுமா? ஆகாது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி போன்ற காட்டு மரங்களின் விதை வருவதற்குத் தாய்மரம் அருகில் வேண்டும். நெடுங்காலமாக மக்கள் நெருங்கி வாழ்ந்து பயிரிட்ட குடாநாட்டில் பெருங்காடு இல்லை. வன்னிக்கும் வலிகாமத்துக்கும் நடுவே கடல்நீரேரியும் ஊர்களும் கிடக்கின்றன. அருகில் எது காய்க்கிறதோ அதுதான் வெறுங்காணிக்கு வரும். வேம்பு நிற்கும் ஊரில் வேம்பு. நாயுண்ணி நிற்கும் ஊரில் நாயுண்ணி.

நாயுண்ணி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் கரும்பழத்தைப் புலுனியும் கொண்டைக்குருவியும் தின்று எங்கும் பரப்புகின்றன. இப்பில் இப்பிலும் அங்கிருந்து வந்ததுதான். தடித்த தோல் கொண்ட அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். கொடியது பார்த்தீனியம். ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கில் விதை. அயலில் வேறு செடி முளைக்காதபடி தடுக்கும் இரசாயனத்தையும் மண்ணில் விடும். தொட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும், மூச்சு இழுக்கும். இவை புகுந்தால் நான் மேலே சொன்ன ஒழுங்கு குழம்பிவிடும். முள்ளுக்குப் பிறகு மரம் வராமல், ஒரே செடியே காணி முழுதும் நிற்கும்.

ஆகவே காணி திருத்தும்போது எல்லாவற்றையும் ஒன்றாக வழித்துத் தள்ளி நெருப்பு வைப்பது எனக்குச் சம்மதமில்லை. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பெரியவர்கள் கையுறை போட்டுப் பிடுங்கட்டும். நாயுண்ணியையும் இப்பில் இப்பிலையும் வேரோடு கிளப்பட்டும். ஆனால் பற்றைக்குள் தலைகாட்டும் வேப்பங்கன்றையும் வடலியையும் விளாங்கன்றையும் அடையாளமிட்டு விட்டுவைக்கலாமே. பறவை கொண்டுவந்து, இலந்தை காவல் காத்து, பத்துப் பன்னிரண்டு கோடைகளைத் தாண்டிய மரம் அது. நாற்றுமேடையில் வாங்கி நட்ட கன்று அத்தனை உறுதியாக வரும் என்று நிச்சயமில்லை.

நீங்களும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பயன்படுத்திய யோகட் கோப்பைகள் மூன்றை எடுத்து அடியில் துளையிடுங்கள். ஒன்றில் வீட்டுத் தோட்டத்து மண், ஒன்றில் முற்றத்து மண், ஒன்றில் வேலியடி மண் போடுங்கள். எதையும் விதைக்காமல் தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். எந்தக் கோப்பையில் முதலில் முளை வருகிறது, எத்தனை வகை வருகிறது என்று கொப்பியில் எழுதி, படமும் கீறுங்கள். பெயர் தெரியாத செடியை அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ காட்டிக் கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வளவின் மூலையில் ஒரு மீற்றர் சதுரத்தைத் துப்புரவாக்கி, நான்கு பக்கமும் தடி நட்டு, ஆடு போகாமல் அடைத்து, அடுத்த ஐப்பசி வரை பார்த்தால் இன்னும் நல்லது.

மண் எடுப்பது உங்கள் சொந்த வளவில் மட்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடாநாட்டின் வாசலில் இருக்கும் முகமாலையில் போர்முனை பல ஆண்டுகள் நிலைத்திருந்தது. அங்கே ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களின் பணியாளர்கள் பற்றையை வெட்டி, மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி மிதிவெடிகளை எடுத்து வந்திருக்கிறார்கள். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. பச்சைப் பசேலென்று செடி மூடியிருப்பதால் ஓர் இடம் ஆபத்தில்லாதது என்று நினைக்கக் கூடாது. ஆள் நடமாடாத இடத்தில்தான் செடி அடர்த்தியாக வளரும். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நிற்கும் பற்றைக்குள் பந்து போனால் போகட்டும், ஆடு போனாலும் போகட்டும். நீங்கள் போகாதீர்கள். வந்த வழியாலேயே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.